ஆளுக்கு ஐந்து பனியன்

திருப்பூர்
9.2.2003

அன்புள்ள ஆஷா அக்காவுக்கு,

தங்கச்சி ரோஸ்மேரி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகமாக இருக்கிறேன். இருமல் மட்டும் பஞ்சுத்தூசியின் கிருபையால். நீயும் அம்மாவும் எப்படி? அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா, இல்லை எண்ணெயை வாங்கி வைத்துவிட்டு வலியைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாளா?

இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அந்த நிற்கிற வேலை கிடையாது. உனக்குக் காது கேட்காததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் அக்கா, ஒரு கடிதத்தோடு முடிந்துவிடுகிறது.

சேதிக்கு வருகிறேன். உன் தங்கச்சி நாடகக்காரி ஆகிவிட்டாள். எங்கள் பனியன் கம்பெனியில் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். துணி வெட்டுகிற தவசி அண்ணன், பரமக்குடிக்காரர், அவர் தொண்டைக்கு மைக் வேண்டாம். பனியனில் எழுத்தும் படமும் அச்சடிக்கிற நூருல்லா பாய். பெட்டி கட்டுகிற அங்கமுத்து. அப்புறம் என்னோடு செக்கிங் டேபிளில் ஓட்டை, கறை பார்க்கிற ரங்காத்தாள் அக்கா. சேவூர்க்காரி, ஐம்பது வயசு, பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை, ஆனால் எங்கள் எல்லாருக்கும் அவள்தான் ஹெட்மாஸ்டர். ஓட்டை விழுந்து தள்ளின பனியனை இங்கே செகண்ட்ஸ் என்பார்கள். எங்களுக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டோம்: செகண்ட்ஸ் நாடகக் குழு.

எழுதுகிறவர் என்று தனியாக ஆள் கிடையாது. எல்லாரும் சொல்வோம், எல்லாரும் நடிப்போம். கதையும் எங்கள் வீடுகளில் நடந்ததுதான், ஒரு பெண் பார்க்கிற வீடு. யாராவது ஒரு வசனம் சொன்னால் மற்ற நாலு பேரும் செக்கிங் பண்ணுவோம். ஒருத்தருக்குப் புரியவில்லை என்றாலும் ரிஜெக்ட். குறை இருக்கிற பனியனில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கரை, வசனம் சொன்னவர் நெற்றியிலேயே ஒட்டிவிடுவாள் ரங்காத்தாள் அக்கா. போன வாரம் தவசி அண்ணன் பதினொரு ஸ்டிக்கரோடு பஸ் ஏறினார்.

ஒத்திகைக்கு இடம், நூருல்லா பாயின் மாமா வைத்திருக்கிற, பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட். ஞாயிற்றுக்கிழமையும் அங்கே மிஷின் ஓடும். தவசி அண்ணன் கால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். எங்களுக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்வி. பொதுவாகத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. காது கேட்காத ஒருத்தருக்கு ஒரு நாடகம் புரிய வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

அம்மாவுக்கு என் முத்தம். பதிலைச் சீக்கிரம் போடு.

ரோஸ்மேரி

*

உடன்குடி
21.2.2003

பிரியமுள்ள ரோஸ்மேரிக்கு,

அக்காவின் வாழ்த்துதல். இங்கே இருவரும் சுகம். அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததை அவளுக்குச் சைகையில் நடித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நீ இந்த ஈஸ்டருக்கு மட்டுமல்ல, கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வர முடியாது. நீ சொன்ன லாபம் இங்கேயும் உண்டு. உன் பேச்சை நான் கேட்க வேண்டியதில்லை.

"பொதுவாகக் கேட்கிறேன்" என்று நீ எழுதினால் அது பொதுவாக இல்லை என்று எனக்குத் தெரியாதா? எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

நாடகமோ, சினிமாவோ, கல்யாண வீட்டுக் கேலியோ, எனக்கு அங்கே வேலை ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பது. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தோம் என்று எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும்போது நீ எனக்குச் சொல்வாய். அதற்குள் அந்தச் சிரிப்பு புளித்துப் போயிருக்கும். இப்படி முகத்தை நம்பித்தான் பதினாறு வயசில் நம் சபை கோவிலில், கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவமானப்பட்டேன். ஏரோது ராஜா பிள்ளைகளை வெட்டுகிறான், தாய்மார் நெஞ்சில் அடித்து அழுகிறார்கள், நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். கோவிலே திரும்பிப் பார்த்தது. உனக்குப் பதினொரு வயசு, என் பக்கத்தில்தான் இருந்தாய். அதற்குப் பிறகு எந்த மேடைக்கு முன்னாலும் நான் உட்காரவில்லை.

ஆசை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை, கூட்டத்தோடு கூட்டமாக, அவர்கள் சிரிக்கிற அதே நொடியில் நானும் சிரிக்க வேண்டும். அப்புறம் இல்லை, அதே நொடியில். அது உன் அஞ்சு பேரால் ஆகிற காரியம் இல்லை. தைக்க நாலு ஜாக்கெட் கிடக்கிறது. எழுந்திருக்கிறேன்.

இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடி.

ஆஷா

*

திருப்பூர்
16.3.2003

அக்கா,

சுகந்தானே? நானும் சுகம், சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வழி கிடைத்துவிட்டது!

முதலில் வசனத்தை அட்டையில் எழுதிப் பிடித்துப் பார்த்தோம். தவசி அண்ணன் முகமே தெரியவில்லை. "நடிக்கிறது நானா அட்டையா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்படியே மூன்று ஞாயிறு போயிற்று. போன வாரம் நூருல்லா பாய், அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பனியனில் 'சாப்பிட்டாச்சா' என்று அடித்து, அதைப் போட்டுக்கொண்டே ஒத்திகைக்கு வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று ரங்காத்தாள் அக்கா கேட்டாள். படித்துச் சொன்னோம். அவள் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க பாயி, நீங்க வாயே தொறக்கல, உங்க நெஞ்சு பேசுதுங்களே! எல்லாத்துக்கும் இப்புடியே அடிச்சுப்போட்டா என்னுங்க?" என்றாள்.

இப்போது புரிகிறதா? ஒரு காட்சிக்கு ஆளுக்கு ஐந்து வசனம். ஐந்து வசனத்துக்கு ஐந்து பனியன். ஐந்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மேடைக்கு வருவோம். மேலே இருப்பது முதல் வசனம். அது முடிந்ததும் கழற்றிப் போட்டால் அடுத்த வசனம். துணிக்குப் பஞ்சமில்லை, செகண்ட்ஸ் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

தவசி அண்ணனுக்குத்தான் துக்கம். "மூணு பக்க வசனத்தை ஒரு நெஞ்சுல எப்படித்தா எழுதுறது?" என்றார். "முதுகு சும்மாத்தானுங்க இருக்குது" என்றாள் ரங்காத்தாள் அக்கா. அதற்கப்புறம் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அது செரி, படிக்கத் தெரியாத என்னைய மாதிரி சனம் வந்தா என்ன பண்டறதுங்க?" அதற்கும் வழி செய்தோம். பாய் மேடை ஓரத்தில் மைக்கோடு நிற்பார். நெஞ்சில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசிப்பார். காது இருக்கிறவர்களுக்குக் காது, கண் இருக்கிறவர்களுக்குக் கண்.

ஒரே ஒரு தொல்லை. மூன்றாவது பனியன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது. அங்கமுத்துவுக்கு மூச்சு முட்டி, தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். ஜெபத்தில் எங்கள் குழுவையும் நினைத்துக்கொள்.

ரோஸ்மேரி

*

உடன்குடி
27.3.2003

ரோஸ்மேரிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். வெயில்தான் சுகமில்லை.

பனியன் ஊரில் இருந்துகொண்டு பனியன் கழற்றத் தெரியவில்லை என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? ஐந்தையும் ஒரே சைஸில் போட்டால் மாட்டத்தான் செய்யும். உள்ளே சின்னது, வெளியே பெரியது. முதல் வசனம் எல்லாருக்கும் டபுள் எக்ஸெல்லில், கடைசி வசனம் எஸ் சைஸில். கையை வெட்டிவிடு. இரண்டு தோள்பட்டையையும் பிரித்து, கைக்குழந்தைச் சட்டைக்கு வைப்பது போல அழுத்துகிற பட்டன் வை. தட்டினால் பனியன் காலடியில் விழும். தலை வழியாக இழுக்கிற வேலையே கிடையாது.

அளவைப் பேப்பரில் வெட்டி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். எனக்காக இல்லை, நல்ல துணி வீணாகப் போகக் கூடாது என்றுதான்.

அங்கமுத்து இப்போது மூச்சு விடுகிறாரா? எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

ஆஷா

*

திருப்பூர்
20.4.2003

அன்பான அக்காவுக்கும் அம்மாவுக்கும் உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள்.

நான் சுகம். அங்கமுத்துவும் சுகம், மூச்சு விடுகிறார், அதற்கு நீதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் அளவுப்படி தைத்த பனியனை ரங்காத்தாள் அக்கா கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. "இது உங்கக்கா குடுத்த அளவா கண்ணு? பிசிறே இல்லையே!" என்றாள். அவள் வாயில் இருந்து அது வருவது பரிசுத்த ஸ்தலத்தில் இருந்து வருகிற மாதிரி.

முதல் காட்சி, பெண் பார்க்கிறது, முடிந்துவிட்டது. இரண்டாவது காட்சியும் வந்துவிட்டது. அது ரொம்ப நன்றாக வந்திருக்கிறது அக்கா. தவசி அண்ணன் நிஜமாகவே கண்ணீர் விட்டார். கதை யார் சொன்னது என்று மட்டும் கேட்காதே, இங்கே எல்லாருடைய கதையும் எல்லாருடையதும்தான்.

இங்கே வேலை பார்க்கிற நம்மூர் முனீஸ் அண்ணன் ஊருக்கு வருகிறார். அச்சு வழுக்கி வீணாய்ப்போன பனியன் ஒரு கட்டு கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு வீட்டு வேலைக்கு ஆகும். உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்.

வெயிலில் அதிகம் அலைய வேண்டாம்.

ரோஸ்மேரி

*

திருப்பூர்
25.5.2003

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ சுகமா? அம்மா சுகமா? ஐந்து வாரமாகப் பதிலே இல்லை. நடுவில் ஒரு கார்டும் போட்டேனே, வந்ததா?

முனீஸ் அண்ணன் பனியனைக் கொடுத்தாரா? கொடுத்தேன் என்கிறார். அளவு சரியாக இருக்கிறதா? அம்மா உள்பக்கம் திருப்பித்தானே போடுகிறாள்? எல்லாவற்றையும் நீ ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டாம், அது வெறும் வேஸ்ட் துணி, தரை துடைக்கப் போட்டுவிடு. பார்த்திருந்தால் ஒரு வரி எழுது அக்கா.

இங்கே சாயந்தரம் நல்ல மழை. ரங்காத்தாள் அக்கா எனக்கு முருங்கைக்காய் கொடுத்தாள். வேறு விசேஷம் இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

சுகமா என்று மறுபடியும் கேட்கிறேன்.

ரோஸ்மேரி

*

உடன்குடி
14.6.2003

ரோஸ்மேரிக்கு,

சுகம் விசாரித்திருக்கிறாய். சொல்கிறேன், கேள்.

அம்மாவுக்குத் தான் மட்டும் வைத்துக்கொண்டு பழக்கமா? "ஏட்டி, புதுசு போல இருக்கு" என்று தெருவுக்கே பங்கிட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பால் ஊற்றுகிற குருசாமி அண்ணன் வந்தார். அவர் நெஞ்சில், 'எல்லாரும் அழும்போது அவள் மட்டும் சிரித்தாள்.' எழுத்து கொஞ்சம் வழுக்கியிருந்தது, ஆனால் நன்றாகப் படிக்க வந்தது. பாலை ஊற்றிவிட்டுத் திரும்பினார். முதுகில், 'ஐயோ பாவம், காது கேட்காத பிள்ளை, ஒன்றும் தெரியாத வெகுளி!' நான் பாலைக் கீழே போட்டேன். அந்த மனுஷன் திருப்பியும் போடவில்லை, எக்ஸ்போர்ட் சரக்காம், எழுத்து வெளியே தெரிந்தால்தான் கௌரவமாம். என் மானத்தைப் போட்டுக்கொண்டு நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது ரோஸ்மேரி. கோவிலில் அன்றைக்குக்கூட நான் அழவில்லை. உன்னிடம் நம்பி எழுதினேன், நீ அதை ஐந்து பேர் நடுவில் போட்டு வெட்டித் தைத்துவிட்டாய். ஒருத்தருக்குப் புரியவில்லை என்றாலும் ரிஜெக்ட் என்று பெருமையடித்தாயே, கதைக்குச் சொந்தக்காரியிடம் செக்கிங் கிடையாதா?

இனி உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததைத் தப்பாக நடிக்கப் போகிறீர்களே என்று அது வேறு அரித்துக்கொண்டே இருந்தது. நான் ஏன் சிரித்தேன் என்று உனக்குத் தெரியுமா? வெகுளியாம் வெகுளி! எனக்கு முன் பெஞ்சில் நம் டீச்சரம்மா இருந்தார். அவர் கொட்டாவி விட்டார். பக்கவாட்டில் இருந்து பார், கொட்டாவியும் சிரிப்பும் ஒன்று போலத்தான் இருக்கும். டீச்சரம்மாவே சிரிக்கிறார், பெரிய வேடிக்கை போல என்று நானும் சிரித்துவிட்டேன். ஏரோது பிள்ளைகளை வெட்டும்போது கொட்டாவி விட்டவர் தப்பித்தார், நான் மாட்டினேன். அவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று இதுநாள் வரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் இப்போது எங்கேயோ மகன் வீட்டில் இருக்கிறார், இனி சொல்லலாம்.

ஐயோ பாவத்தை எடு. கொட்டாவியைப் போடு. முடியாது என்றால் அந்தக் காட்சியே வேண்டாம்.

அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அது அம்மாவுடையது மட்டும்.

ஆஷா

*

திருப்பூர்
29.6.2003

என் அக்காவுக்கு,

உடம்பு சுகம், மனசு சுகமில்லை. நான் செய்தது தப்பு. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை, அது திருட்டுதான். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

ஒத்திகையில் நானே ஸ்டிக்கர் சுருளை வாங்கி, என் நெற்றியிலும் கன்னத்திலுமாக ஒட்டிக்கொண்டு நின்றேன். அக்காவிடம் கேட்காமல் கதையை எடுத்தேன் என்று சொன்னேன். ரங்காத்தாள் அக்காதான், "ஊட்டுக்காரியக் கேக்காம ஊட்டுக்குள்ள பூந்துட்டயே கண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் கொட்டாவியைச் சொன்னேன். அவள் எழுந்து, "இதுதானுங்க கதை! அந்தப் பாவத்தத் தூக்கி அக்கட்டால போடுங்க, கொட்டாவியப் போடுங்க!" என்று கத்தினாள். மிஷின் சத்தத்திலும் கேட்டது. தவசி அண்ணன்தான் ஒரு வாரம் துக்கம் காத்தார். ஐயோ பாவம்தான் அவருக்கு நன்றாக வருகிற வசனம்.

இப்போது டீச்சரம்மா வேஷம் அவருக்குத்தான். ஒத்திகையில் அவர் ஒரு கொட்டாவி விட்டார். அடுத்து அங்கமுத்து விட்டார். அப்புறம் நான், பாய், கடைசியில் மிஷின் ஓட்டுகிற பீகார் பையன்கள் வரைக்கும். அன்றைக்கு ஒத்திகையே நடக்கவில்லை, எல்லாரும் தூங்கப் போய்விட்டோம்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி கட்டிங் ஹாலில் நாடகம். முதலாளி சரி என்றுவிட்டார். நீ வர வேண்டும். வரவில்லை என்றால் இந்த நாடகம் யாருக்கு? ரங்காத்தாள் அக்கா சொல்கிறாள், "உங்கக்காளையும் அம்மாளையும் வரச்சொல்லு கண்ணு, நம்மூட்டுலயே தங்கிக்கட்டும், பள்ளிபாளையத்துச் சேலையா எடுத்து வெக்கறேன்."

உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளும்,
ரோஸ்மேரி

*

உடன்குடி
11.7.2003

ரோஸ்மேரிக்கு,

சுகம். கோபம் முக்கால்வாசி போய்விட்டது, மீதிக் காலை நேரில் கொண்டுவருகிறேன்.

வருகிறோம். அம்மாவிடம் நாடகம் என்று சொன்னதற்கு, கோழியை யார் பார்ப்பது என்றாள். சேலை என்றதும் கோழி மறந்துவிட்டது. ஆனால் நான் சொல்வதை எல்லாம் ஒத்துக்கொண்டால்தான் பஸ் ஏறுவேன். இவள்தான் அந்தப் பிள்ளை என்று யாரும் என்னைக் கை காட்டக் கூடாது. மேடையில் இருக்கிறவர்கள் என் பக்கம் பார்த்து நடிக்கக் கூடாது, நீ முக்கியமாக. சிரித்தாளா, சிரித்தாளா என்று ஐந்து ஜோடிக் கண் என்னை நோட்டம் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது, வாந்திதான் வரும். பார்க்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணு. அம்மாவை எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார வை. நான் சத்தமாகச் சிரித்தால் தொடையில் கிள்ளுவாள்.

வருவேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன், சிரிப்பேன் என்று சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்.

ரங்காத்தாள் அக்காவுக்கு என் வணக்கம். அவருக்குக் கருப்பட்டி கொண்டுவருகிறேன்.

ஆஷா

*

திருப்பூர்
5.8.2003

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? கோழி சுகமா? நாடகம் முடிந்து நான் முகம் கழுவி வருவதற்குள் அம்மா உன்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. எங்கள் மானம் போனதைப் பார்த்து வெட்கப்பட்டுப் போய்விட்டாயோ என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நடந்தது என்னவென்றால், ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பனியன் எல்லாம் வேர்வை நாற்றம். அக்கா முன்னால் நாறிக்கொண்டா நிற்பது என்று சனிக்கிழமை ரங்காத்தாள் அக்கா அத்தனையையும் துவைத்து ஒன்றாகக் காயப்போட்டாள். மடித்து ஆளுக்கு ஒரு கட்டாகக் கட்டுகிற பொறுப்பு அங்கமுத்துவுக்கு. பதினாலு வருஷம் பேக்கிங்கில் இருக்கிற மனுஷன். அந்தக் கை வேறு என்ன செய்யும்? கழுத்து லேபிளை மட்டும் பார்த்து, ஒரு எஸ், ஒரு எம், ஒரு எல், ஒரு எக்ஸெல், ஒரு டபுள் எக்ஸெல் என்று, ரேஷியோ என்கிற சைஸ் கணக்குப்படி கட்டு போட்டு, பாலிதீன் கவரில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டார். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. கேட்டால், "ரேஷியோ கரெக்டா இருக்குதே!" என்கிறார்.

சைஸ் சரி. அதனால் வசனம் வரிசைப்படிதான் வந்தது. ஆனால் ஆள் மாறிவிட்டது. பெண்ணுக்கு அப்பா தவசி அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார், நெஞ்சில் மாப்பிள்ளை அம்மாவின் வசனம், 'பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?' மாப்பிள்ளை அங்கமுத்து நெஞ்சில் பெண்ணின் அப்பா வசனம், 'இவளைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தேன்.' கல்யாணப் பெண் நான், என் நெஞ்சில் 'எனக்குச் சொந்தமாக மோட்டார் பைக் இருக்கிறது.' நடுவில் நிறுத்தவும் முடியாது. ரங்காத்தாள் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஒன்றும் தெரியாமல் அவள் மட்டும் ராணி மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அம்மா என்கிற கெத்தில் மூக்கை நிமிர்த்தி, தோளைத் தட்டி, நாலாவது பனியனைக் கீழே விட்டாள். உள்ளே இருந்தது என் வசனம். 'எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.' பாய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இதை வாசிப்பதா வேண்டாமா என்று அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டாவது காட்சிக்குள் சரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டோம். ஆனாலும் முதல் காட்சி போனது போனதுதான். நீ சொன்னபடி உன் பக்கம் நான் திரும்பவே இல்லை. அதனால் உன்னிடமே கேட்கிறேன். எப்படி இருந்தது அக்கா?

உன் பதில் வரும் வரை எனக்குச் சுகம் இல்லை.

ரோஸ்மேரி

*

உடன்குடி
13.8.2003

என் தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கோழி சுகம். எனக்கு விலா எலும்பு மட்டும் இன்னும் வலிக்கிறது.

அங்கமுத்துவை யாரும் திட்டக் கூடாது. அடுத்த நாடகத்துக்கும் அவரே கட்டு போடட்டும். ரங்காத்தாள் அக்கா அந்த மூக்கை வைத்துக்கொண்டு 'எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று நின்றாரே, ஐயோ ரோஸ்மேரி, எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டேன். விக்கல் வந்துவிட்டது. அம்மா இரண்டு ஆளைத் தாண்டி வந்து கிள்ளினாள், அப்போதும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீராகக் கொட்டி அடுத்த பனியனைப் படிக்கவே முடியவில்லை. அப்படி நான் சிரித்ததே இல்லை.

கொட்டாவிக் காட்சியும் சரியாக இருந்தது. ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. தவசி அண்ணன் கொட்டாவி கொஞ்சம் அதிகம், டீச்சரம்மா அவ்வளவு பெரிதாக விடவில்லை. அடுத்த நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம் வைப்பதாக இருந்தால் வில்லி வேஷம் வை, காது கேட்காத பிள்ளை வேஷம் எனக்குச் சலித்துவிட்டது.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். பஸ் தாராபுரம் தாண்டும்போதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது. ரங்காத்தாள் அக்கா அப்படி நின்றபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கத்து ஆள் முகத்தையும் இல்லை, அம்மா முகத்தையும் இல்லை. சிரித்தது நான் மட்டுந்தானா, கோவிலில் மாதிரி? கூட்டம் சிரித்ததா? எனக்கு ஆறுதலுக்காக எழுதாதே. உள்ளபடி எழுது.

ஆஷா

*

திருப்பூர்
19.8.2003

அக்கா,

எல்லாரும் சுகம். இந்தக் கார்டு உடனே உன் கைக்கு வர வேண்டும் என்று தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாவ அறிக்கை. பார்க்க மாட்டேன் என்று பண்ணின சத்தியத்தை மீறிவிட்டேன், அந்த இடத்தில் மட்டும் உன்னைப் பார்த்துவிட்டேன். கூட்டம் சிரித்தது அக்கா, முந்நூறு பேரும் சிரித்தார்கள். ஆனால் நீ ஆசைப்பட்ட மாதிரி அதே நொடியில் இல்லை. பாய் வாசிப்பார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாய் திகைத்து நின்றுவிட்டார், ரங்காத்தாள் அக்கா நெஞ்சைப் படித்தது அந்த ஹாலிலேயே நீ ஒருத்திதான். நீ சிரித்த சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. உன் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

உன்,
ரோஸ்மேரி